பலகையில் ஏறாத கேள்வி

என் அக்கா மருத்துவம் படிக்கிறாள். இரண்டாம் ஆண்டு. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்லும்போது அம்மாவின் குரல் தானாக ஒரு படி ஏறிவிடும். அப்பா பஸ் ஓட்டுகிறவர். முழங்கால் வலியிலிருந்து முதுகுப் பிடிப்புவரை எல்லாவற்றுக்கும் அவளிடம்தான் மருந்து கேட்பார்.

"எனக்கு இன்னும் முழங்காலே நடத்தலப்பா."

"அப்ப எதுவரைக்கும் நடத்திருக்காங்க?"

"நுரையீரல்."

"சரி, அதுல ஏதாவது வந்தா சொல்றேன்."

அக்கா சின்ன வயதிலிருந்தே அதிகம் பேசமாட்டாள். பஸ்ஸில் யாராவது அவள் காலை மிதித்தால் அவளே மன்னிப்புக் கேட்பாள். பள்ளியில் எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண். ஆனால் பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட வகுப்பில் கை தூக்கியதில்லை. நான் நேர் எதிர். எனக்கு மதிப்பெண் வராது, வாய் வரும். பள்ளி விவாதப் போட்டிகளில் மூன்று கோப்பை வாங்கியிருக்கிறேன். இப்போது பள்ளி முடிந்து, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். இங்கே எழுதப்போவது அக்காவைப் பற்றி. ஆனால் நடந்ததில் எனக்கும் பங்கு இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவளைப் பற்றி மட்டும் எழுதினால் அது நியாயமாக இருக்காது.

அவர்கள் கல்லூரியில் வாரத்தில் இரண்டு நாள் யாரும் பாடம் நடத்துவதில்லை. எட்டு மாணவர்களை ஒரு சின்ன அறையில் வட்டமாக உட்காரவைத்து ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதில் ஒரு நோயாளியின் கதை இருக்கும், ஆனால் பாதிதான். இன்ன வயது, இன்ன தொந்தரவு, இத்தனை நாளாக. என்ன நோயாக இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கத் தங்களுக்கு எதெல்லாம் தெரியவில்லை என்று எட்டுப் பேரும் பேசிப் பேசி வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். தெரியாதவற்றைப் பங்கு போட்டுக்கொண்டு போய்ப் படித்துவிட்டு, மூன்று நாள் கழித்து வந்து ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும். அப்போதுதான் மீதிக் கதை கொண்ட இரண்டாவது தாள் வரும்.

ஓர் ஆசிரியையும் அறையில் இருப்பார். ஆனால் பதில் சொல்லமாட்டார். "ஏன் அப்படி நினைக்கிறீங்க?" என்பதைத் தவிர அவர் வாயிலிருந்து எதுவும் வராது. அதனால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'பூட்டு'.

இந்த முறையில் பேச்சுக்கு மதிப்பெண் உண்டு. பலகையில் ஒவ்வொரு யோசனைக்குப் பக்கத்திலும் அதைச் சொன்னவரின் எண்ணைப் போட வேண்டும். அக்கா மூன்றாம் எண். முடிந்ததும் பலகையைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்புவார்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எட்டுப் பேரும் ஒருவருக்கொருவர் ரகசியமாகப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடுவார்கள். அதை நூற்றுக்குக் கணக்கிடுவார்கள். ஐம்பதுக்குக் கீழே போனால் விடுமுறையில் வந்து அந்தப் பகுதியைத் திரும்பச் செய்ய வேண்டும்.

முதல் முறை அக்கா வாங்கியது ஐம்பத்திரண்டு. சீட்டின் அடியில் யாரோ பெயர் போடாமல், 'அறையில் இருப்பதே தெரியவில்லை' என்று எழுதியிருந்தார்கள். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அரைமணி நேரம் அழுதாள். தண்ணீர் ஓடும் சத்தத்துக்கு அம்மா கத்த, நான்தான் கதவைத் தட்டி வெளியே அழைத்தேன்.

"பேச பயமா இருந்தா பேசாத" என்றேன். "நேரா போய் பலகைகிட்ட நில்லு. மார்க்கரை எடுத்துக்கோ. எழுதறவங்க கையிலதான் அந்த ரூமே இருக்கும்."

"யாராவது நீளமா இழுத்தா?"

"'அருமை, அதுக்கு அப்புறம் வருவோம்'னு சொல்லிட்டு அடுத்த ஆள் பக்கம் திரும்பிடு. மரியாதையாவும் இருக்கும், வண்டியும் நகரும்."

ஃபிரிட்ஜ் கதவைப் பலகையாக்கி ஒரு வாரம் பழகினோம். நான் எட்டுப் பேராகவும் நடித்தேன். 'அருமை, அப்புறம் வருவோம்' என்று அக்கா சொல்லும்போது முதலில் அவள் குரல் நடுங்கியது. ஏழாம் நாள் நடுங்கவில்லை. நான் கை தட்டினேன். பால் எடுக்க வந்த அம்மாவையே, "அருமைம்மா, அப்புறம் வருவோம்" என்று திருப்பி அனுப்பினாள்.

ஒரே மாதத்தில் குழுவில் அவளுக்குக் 'கண்டக்டர்' என்று பெயர் வந்துவிட்டது. யாரை ஏற்றுவது, யாரை இறக்குவது என்று அவள்தான் முடிவு செய்கிறாளாம். அப்பாவுக்கு இதைக் கேட்டு ஒரே சந்தோஷம். "டிரைவர் பொண்ணு கண்டக்டர்! குடும்பமே ஒரு வண்டி" என்று டிப்போ முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார்.

குழுவில் ஆறாம் எண் ஒரு பெண்மணி. முப்பத்தொரு வயது. எட்டு வருடம் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு, மறுபடி பரீட்சை எழுதி மருத்துவம் சேர்ந்தவர். ஏழு வயதில் ஒரு மகள். அந்தக் குழந்தை ரயிலில் ஒரு நாள் தூரத்தில் பாட்டி வீட்டில் வளர்கிறது. விடுமுறைக்கு விடுமுறைதான் தாயும் மகளும் பார்த்துக்கொள்வார்கள். மற்ற ஏழு பேருக்கும் பத்தொன்பது, இருபது வயது. அவர்கள் அவரைப் 'பெரியம்மா' என்று கூப்பிட்டார்கள். முதலில் கேலியாகத்தான். பிறகு அதுவே பெயராகிவிட்டது. அவர் பேச்சு ரொம்ப நிதானம். ஒரு சொல் சொல்வார், யோசிப்பார், அடுத்த சொல் சொல்வார்.

"பெரியம்மா ஒரு வாக்கியம் முடிக்கறதுக்குள்ள நான் கீழ போய் டீ குடிச்சிட்டு வந்துடுவேன்" என்பான் 'ஜெராக்ஸ்'.

ஜெராக்ஸ் அந்தக் குழுவின் இன்னொரு பையன். மூத்த மாணவர்களிடமிருந்து போன வருடத்துத் தாள்களை முழுசாக வாங்கிப் பிரதி எடுத்துத் தருவது அவன் பொறுப்பு. அதனால் ஒவ்வொரு கதையின் முடிவும் முதல் நாளே இவர்களுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே தெரியாதமாதிரி யோசிப்பார்கள். "ஓ, அப்படியும் இருக்கலாமோ!" என்று ஆச்சரியப்படுவார்கள். அக்கா இதையெல்லாம் வீட்டில் ஒவ்வொருவர் குரலிலும் நடித்துக் காட்டுவாள். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். பெரியம்மா மட்டும் பிரதி வாங்கவில்லை. "முடிவு தெரிஞ்சிட்டா எனக்கு யோசனை ஓடாதுப்பா" என்றாராம். அதற்கும் சிரித்தோம்.

அந்தத் தாள் குளிர்காலத்தில் வந்தது. நோயாளி, நூலகத்தில் வேலை செய்யும் முப்பத்தெட்டு வயதுப் பெண். மூன்று வாரமாகக் காலையில் எழும்போது தலைவலி, தலைசுற்றல், வாந்தி. வேலைக்குப் போனால் கொஞ்சம் குறைகிறது. விடுமுறை நாளில் அதிகமாகிறது.

ஜெராக்ஸின் பிரதிப்படி இது மூளையில் கட்டி. எல்லோரும் அதை நோக்கியே நடந்தார்கள். அக்கா பலகையில் எழுதி எழுதி வலது ஓரம்வரை வந்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து பூட்டு மேடத்துக்கு வார்டிலிருந்து அழைப்பு வந்தது. பத்து நிமிடம் வெளியே போனார். அப்போதுதான் பெரியம்மா வாயைத் திறந்தார்.

"எனக்கு ஒரு சந்தேகம்... லீவு நாள்ல ஏன் அதிகமாகுது? கட்டிக்கு ஞாயித்துக்கிழமை தெரியுமா என்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

"அந்த வீட்டுல... வேற யாருக்காவது தலைவலி இருக்கான்னு..."

"அருமை பெரியம்மா, அதுக்கு அப்புறம் வருவோம்" என்றாள் அக்கா. சொல்லிவிட்டு ஜெராக்ஸ் பக்கம் திரும்பினாள்.

அப்புறம் யாரும் அதற்கு வரவில்லை. மேடம் திரும்பினார், மணி அடித்தது, பலகையைப் படம் எடுத்தார்கள். அந்தப் படத்தை நான் பின்னால் பார்த்தேன். முப்பத்தோரு வரிகள் இருந்தன. ஒரு வரியின் பக்கத்தில்கூட ஆறு என்ற எண் இல்லை.

மூன்று நாள் கழித்து இரண்டாவது தாள் வந்தது. நோயாளியின் மூளையைப் படம் எடுத்துப் பார்த்ததில் எதுவும் இல்லை. "இது நம்ம கேஸ் இல்லையே" என்று ஜெராக்ஸ் வாய்விட்டே சொல்லிவிட்டான். இந்த வருடம் கதையை மாற்றியிருந்தார்கள். கீழே வாசித்தார்கள். நோயாளியின் கணவனுக்கும் மகனுக்கும் அதே தலைவலி. குளிருக்காக வீட்டின் ஜன்னல்களை டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள். உள்ளே ஒரு பழைய கேஸ் ஹீட்டர். அதிலிருந்து வாசனையே இல்லாத விஷவாயு கசிந்து மூன்று பேரின் ரத்தத்திலும் ஏறியிருந்தது. வேலைக்குப் போகும் நாளில் வெளிக்காற்று கிடைத்துத் தலைவலி குறைந்தது. விடுமுறை நாளில் முழுக்க வீட்டில். வெறும் தலைவலி என்று விட்டிருந்தால் குடும்பமே ஒருநாள் தூக்கத்திலிருந்து எழுந்திருக்காது.

பூட்டு மேடம் கேட்டார்: "வீட்ல மத்தவங்களுக்கு எப்படி இருக்குன்னு போன தடவை யாராவது கேட்டீங்களா? பலகைப் படத்துல அது இல்லையே."

ஜெராக்ஸ் குழுவைக் காப்பாற்ற நினைத்தான்.

"கேட்டோம் மேடம். நம்ம கண்டக்டர்தான் கேட்டா. பலகைல இடம் பத்தல, அதான் எழுதல."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் மார்க்கரோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ம்" என்றாள்.

மேடம் தன் நோட்டில் எதையோ குறித்துக்கொண்டார். பெரியம்மா தன் தாளைப் பார்த்தபடியே இருந்தார்.

இது எதுவும் அன்று எங்களுக்குத் தெரியாது. விஷவாயுவைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு, எங்கள் வீட்டு ஹீட்டரை இரண்டு தடவை குனிந்து பார்த்துவிட்டு அக்கா படுக்கப் போய்விட்டாள்.

இரண்டு வாரத்தில் மதிப்பெண் சீட்டு வந்தது. அக்காவுக்கு எண்பத்து நான்கு. அம்மா அதைக் கண்ணாடிச் சட்டத்தில் செருகி வைத்தாள். அப்பா போட்டோ எடுத்தார். நான், "என் சிஷ்யை" என்று மார்தட்டிக்கொண்டேன். அக்கா தட்டில் கை வைத்தபடியே இருந்தாள், சாப்பிடவில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் மதியம் பால்கனியில் துணி காயப்போடும்போது, ஏற்கெனவே பிழிந்த துண்டை அவள் மறுபடி மறுபடி பிழிவதைப் பார்த்து, "என்னக்கா ஆச்சு?" என்று கேட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னாள். பெரியம்மாவுக்கு முப்பத்தாறு. விடுமுறை மூன்று வாரமும் கல்லூரியில்தான். சீட்டைப் பார்த்ததும் அவர் அதை நாலாக மடித்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய் ஊருக்கு போன் செய்திருக்கிறார். அக்கா தூணுக்கு இந்தப் பக்கம் நின்றிருக்கிறாள்.

"'இந்தத் தடவை அம்மா வர முடியாதுடா கண்ணு'ன்னு சொன்னாங்கடா. அந்தப் பக்கம் அது அழுதது இங்க வரைக்கும் கேட்டுச்சு."

"நீ அவங்களுக்கு எவ்ளோ போட்ட?"

"பத்துக்கு நாலு. பலகைய வச்சுத்தான் போடணும்னு விதி. எண்ணிப் பார்த்தேன், ஆறுன்னு ஒண்ணுகூட இல்ல. அதை எழுதாம விட்டதே நான்தான்னு எனக்கு அப்ப தோணவே இல்லடா. நேர்மையா போடறோம்னு நினைச்சேன்."

எனக்கு அவளைத் தேற்ற வேண்டும் என்றிருந்தது. விவாதத்தில் பழகிய வாய். "நீ பொய்யா சொன்ன? வெறும் 'ம்'தானே சொன்ன" என்றேன்.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இதுக்கா உனக்கு மூணு கோப்பை குடுத்தாங்க?"

'அப்புறம் வருவோம்' நான் சொல்லிக்கொடுத்த வார்த்தை. ஃபிரிட்ஜ் கதவின் முன்னால் நின்று, குரல் நடுங்காதவரை சொல்லவைத்தது நான். அவள் அதைச் சொல்லிக்காட்டுவாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஜெராக்ஸுக்கு போன் போட்டாள். அவன் கத்தியது எனக்கே கேட்டது.

"பைத்தியமா உனக்கு? ஒண்ணைச் சொன்னா எல்லாத்தையும் நோண்டுவாங்க. பிரதி விஷயமும் வெளிய வரும். எட்டு பேரும் காலி!"

"ஏழு பேர்" என்றாள் அக்கா. "அவங்க வாங்கல."

திங்கட்கிழமை மேடத்தின் அறைக்குப் போனாள். முழுவதையும் கேட்டுவிட்டு மேடம், "இதை என்கிட்ட சொல்லி என்ன? யார் முன்னாடி நடந்ததோ அவங்க முன்னாடி சொல்லு" என்றார். அன்று குழு கூடியதும் அக்கா எழுந்து நின்றாள். பேசி முடித்ததும் யாரும் அவளைப் பார்க்கவில்லை. பெரியம்மாதான், அவருடைய நிதானத்தில், பேசினார். அன்று யாரும் குறுக்கே போகவில்லை.

"நீ 'ம்'னு சொன்னதைவிட, நான் ஏன் 'அது நான் கேட்டது'ன்னு சொல்லலங்கறதுதான் எனக்கு ஆறல. வார்டுல எட்டு வருஷம். நோயாளிக்கு என்னன்னு எனக்குத் தெரியும், டாக்டர் முன்னாடி வாயை மூடிட்டு நிப்பேன். அந்தப் பழக்கத்தை விடணும்னுதான் குழந்தைய விட்டுட்டு இங்க வந்தேன். இங்கயும் அதேதான்."

அக்கா, "மன்னிச்சிடுங்க" என்றாள்.

"சொன்னது நல்லது. உனக்கு மனசு லேசாகும்" என்றார் பெரியம்மா. "என் பொண்ணுக்கு அதனால லீவு வராது."

அதுதான் நடந்தது. கல்லூரியின் மூத்த ஆசிரியர்கள் ஒரு குழுவாக உட்கார்ந்து விசாரித்தார்கள். பிரதி வைத்திருந்த ஏழு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அக்காவின் பங்கேற்பு மதிப்பெண்ணை ரத்து செய்து, விடுமுறையில் அவளும் திரும்பச் செய்ய வேண்டும் என்றார்கள். பெரியம்மாவுக்குப் போட்டதை மாற்ற விரும்புகிறவர்கள் மாற்றலாம் என்று சொன்னார்கள். அக்காவோடு சேர்த்து நான்கு பேர் மாற்றினார்கள். மூன்று பேர், "பலகைல இருந்ததைத்தான் போட்டோம்" என்று மறுத்துவிட்டார்கள். கூட்டி நூற்றுக்குக் கணக்கிட்டால் நாற்பத்தொன்பது. ஒன்று குறைந்தது. விதி விதிதான் என்றார்கள்.

அம்மாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "மத்தவங்க எல்லாம் சும்மாதானே இருந்தாங்க? நீ மட்டும் ஏன் போய் தலையைக் குடுத்த?"

"எல்லாரும் சும்மா இருந்ததாலதாம்மா இப்படி ஆச்சு."

"கண்டக்டரை நடு வழியில இறக்கி விட்டுட்டாங்களா?" என்று அப்பா சிரிக்கப் பார்த்தார். அக்கா சிரிக்காததைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது. கண்ணாடியில் செருகியிருந்த சீட்டை அவரே எடுத்து அலமாரிக்குள் வைத்தார்.

விடுமுறையில் கல்லூரி காலியாகக் கிடந்தது. திரும்பச் செய்கிறவர்கள் மொத்தம் ஆறு பேர், ஒரே அறை. அக்கா காலையில் போய் மாலையில் வருவாள். அங்கே என்ன நடந்தது என்று குரல் மாற்றி நடித்துக் காட்டுவது நின்றுவிட்டது. கேட்டால், "இன்னைக்கு சிறுநீரகம்" என்பாள், அவ்வளவுதான். இன்னொரு பெண் பலகையில் எழுதுகிறாளாம். பெரியம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, "பேசறாங்க" என்றாள். உன்னோடு பேசுகிறாரா என்று கேட்க எனக்குத் துணிவில்லை.

ஒருநாள் அவள் அடையாள அட்டையை மறந்து போய்விட்டாள். நான் கொண்டுபோனேன். உண்மையைச் சொன்னால், அதை நான் ஒரு சாக்காகத்தான் எடுத்துக்கொண்டேன். அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான் என்று பெரியம்மாவிடம் சொல்லிவிட வேண்டும். பஸ்ஸில் வழிநெடுக அந்த வாக்கியங்களை வரிசைப்படுத்திக்கொண்டே போனேன்.

வராந்தாவில் நீளமான பெஞ்ச். ஒரு பெண்மணி போனை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். திரையில் ஒரு சிறுமி வாயைப் பிளந்து, விழுந்த பல்லின் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தாள். நான்கடி தள்ளி அக்கா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள்.

"இன்னும் எத்தனை நாள்மா?"

"பதினொண்ணு."

"நேத்தும் பதினொண்ணுன்னு சொன்ன."

"நேத்து பன்னெண்டு சொன்னேன்டி."

"இல்ல, பதினொண்ணுதான் சொன்ன. நான் சுவத்துல எழுதி வச்சிருக்கேன்."

"சரி, அப்ப பத்துன்னு வச்சுக்கோ."

"வச்சுக்கிட்டா நீ பத்து நாள்ல வந்துடுவியா?"

பெரியம்மா போனை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். உள்ளே மணி அடித்தது. மற்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. அக்கா என் கையிலிருந்து அட்டையை வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். உள்ளே போகவில்லை. அவர் பேசி முடிக்கட்டும் என்று அங்கேயே நின்றாள்.

சிறுமி இப்போது பல்லை எங்கே பத்திரமாக வைத்திருக்கிறாள் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். நான் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். அந்தப் பேச்சை நிறுத்திவிட்டு என் பேச்சைக் கேளுங்கள் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? படியிறங்கி வந்துவிட்டேன். அன்று இருவரும் வகுப்புக்கு நான்கு நிமிடம் தாமதமாகப் போனதாக அக்கா சொன்னாள். நான் எதற்கு வந்தேன் என்று அவள் கேட்கவில்லை. நானும் இதுவரை சொல்லவில்லை.